கை கொடுக்க மறுத்தவர்கள்

1850 செப்டம்பர் 18ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி மில்லார்ட் ஃபில்மோர் கையெழுத்திட்ட தப்பியோடிய அடிமைகள் சட்டத்தில் கட்டணம் பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. தெற்கிலிருந்து ஓடிவந்தவர் என்று சொல்லி ஒரு கறுப்பினத்தவரைப் பிடித்துவந்து கமிஷனர் முன் நிறுத்துகிறார்கள். ஆமாம், இவர் இன்னாருடைய அடிமைதான் என்று கமிஷனர் சான்று எழுதிக்கொடுத்தால் அவருக்கு 10 டாலர். ஆதாரம் போதவில்லை என்று விட்டுவிட்டால் 5 டாலர். அடிமை என்று முடிவானால் எழுத்து வேலை கூடுதல், அதனால் கூலியும் கூடுதல் என்று சட்டத்தின் ஆதரவாளர்கள் சமாதானம் சொன்னார்கள். அந்தச் சமாதானத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் மற்ற பிரிவுகள் மிச்சம் இருக்கின்றன. பிடிபட்டவர் தன் வாயால் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி கிடையாது. உரிமை கோருபவர் தன் மாநில நீதிமன்றத்தில் வாங்கிவந்த பத்திரம் ஒன்றே போதும். இத்தனைக்கும் மேலாக ஐந்தாம் பிரிவு, இந்தச் சட்டத்தை நிறைவேற்றத் தேவைப்படும்போது நல்ல குடிமக்கள் எல்லோரும் உதவிக்கு வர வேண்டும் என்று கட்டளையிட்டது. பிடிப்பதைத் தடுத்தாலோ, ஓடிவந்தவரை ஒளித்துவைத்தாலோ 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அதோடு, கைநழுவிப்போன ஒவ்வோர் ஆளுக்கும் உரிமையாளருக்கு 1,000 டாலர் நட்ட ஈடு.

மனிதர்கள் எழுதும் சட்டத்துக்கு மேலே ஓர் அறம் உண்டு என்ற எண்ணம் மிகப் பழையது. அதை மறுப்பவர்கள் கேட்கும் கேள்வியும் அதே அளவு பழையது: யாருடைய அறம், அதை யார் வாசித்துச் சொல்வது? ஆளுக்கொரு மனசாட்சியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் நாடு என்ன ஆகும்? இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் 1850களின் அமெரிக்கா இதற்கு ஒரு பதிலைத் தந்திருக்கிறது என்பது என் துணிபு. அநீதி நடக்கிறது, பொறுத்துக்கொள் என்று சட்டம் சொல்வது ஒரு நிலை. அந்த அநீதியை நீயே வந்து உன் கையால் செய் என்று சொல்வது வேறு நிலை. முதல் நிலையில் நல்லவர்களுக்குள்ளேயே நூறு கருத்து இருக்கலாம். பொறுமை, பேச்சுவார்த்தை, அடுத்த தேர்தல் என்று பல வழிகளைப் பேசலாம். இரண்டாம் நிலைக்குச் சட்டம் வந்துவிட்ட பிறகு, கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும் உரிமை குடிமகனிடம் இருக்கிறது. அவனுக்கு அதைக் கொடுத்தது எந்தச் சட்டசபையும் அல்ல. அதனால் எந்தச் சட்டசபையும் அதைப் பறிக்க முடியாது.

அடிமைமுறை தன் காலில் தானே நிற்கக்கூடியதல்ல என்பதை நீதிபதிகள் முன்பே கண்டுகொண்டிருந்தார்கள். 1772இல் லண்டனில் சோமர்செட் வழக்கை விசாரித்த மான்ஸ்ஃபீல்டு பிரபு, இவ்வளவு வெறுக்கத்தக்க ஒன்றை எழுதப்பட்ட சட்டம் மட்டுமே தாங்கிப்பிடிக்க முடியும் என்ற கருத்தில் தீர்ப்பளித்தார். சட்டத்தின் கை விலகினால் அடிமை மனிதனாகிவிடுவான் என்பது அதன் உட்பொருள். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு கொண்டுவந்த 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இந்த வழியில்தான் சென்றது. அது அடிமை வைத்திருப்பவரைத் தண்டிக்கவில்லை. ஒருவர் இன்னொருவரை அடிமை என்று உரிமை கோரினால் நீதிமன்றங்கள் அதை நடத்திக்கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னது. தஞ்சை வயல்களில் பண்ணையாட்களின் வாழ்வை அது உடனே மாற்றிவிடவில்லை. கடனும் சாதியும் அவர்களைப் பிடித்துவைத்திருந்தன. ஆனாலும் நீதிமன்றம் என்ற கை விலகிக்கொண்டது. அமெரிக்கா இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது. 1787இன் அரசியல் சாசனத்திலேயே, ஒரு மாநிலத்தில் வேலைக்குக் கட்டுப்பட்ட ஆள் இன்னொரு மாநிலத்துக்கு ஓடினால் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற விதி இடம்பெற்றது. 1793இல் அதற்கு ஒரு சட்டம் வந்தது. 1842இல் பிரிக் வழக்கில் உச்ச நீதிமன்றம், திருப்பி ஒப்படைக்கும் பொறுப்பு மத்திய அரசுடையது, அதற்கு மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொன்னது. மறு ஆண்டே மாசசூசெட்ஸ் தன் அதிகாரிகள் இந்த வேலையில் ஈடுபடக் கூடாது, தன் சிறைகளை இதற்குத் தரக் கூடாது என்று சட்டம் போட்டது. வடக்கு அப்படித் தன் கைகளை விலக்கத் தொடங்கியதற்குத் தெற்கு கொடுத்த பதிலடிதான் 1850இன் சட்டம்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் செனட்டில் இரண்டு உரைகள் நான்கு நாள் இடைவெளியில் நிகழ்ந்தன. 7ஆம் தேதி மாசசூசெட்ஸின் டேனியல் வெப்ஸ்டர், நாடு உடையாமல் இருக்க வேண்டுமானால் ஓடியவர்களைத் திருப்பித் தரும் கடமையை வடக்கு ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். 11ஆம் தேதி நியூயார்க்கின் வில்லியம் சீவர்டு, அரசியல் சாசனத்துக்கு மேலே இன்னொரு சட்டம் இருக்கிறது என்றார். அந்தச் சொல் நாடு முழுவதும் தீயாகப் பரவியது. சீவர்டு அதைச் சொன்ன இடம் மேற்கே புதிதாகச் சேர்ந்த நிலங்களைப் பற்றியது. அந்த நிலம் மனிதகுலத்தின் நன்மைக்காகக் கடவுள் ஒப்படைத்தது என்பதில் சாசனமும் மேலான சட்டமும் ஒத்துப்போவதாகத்தான் அவர் பேசினார். மோதலை அவர் தேடவில்லை. செப்டம்பரில் வந்த சட்டம்தான் அந்தச் சொல்லுக்குப் பல்லைக் கொடுத்தது. அதுவரை அடிமைமுறையை எங்கோ தொலைவில் நடக்கும் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்த வணிகரும் விவசாயியும் இப்போது தங்கள் தெருவில், தங்கள் கையால் ஒரு மனிதனைப் பிடித்துக்கொடுக்கக் கடமைப்பட்டார்கள்.

கை கொடுக்க மறுப்பது என்றால் என்ன என்பதைப் பென்சில்வேனியாவின் கிறிஸ்டியானா என்ற சிற்றூரில் நடந்ததைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டவில்லை. 1851 செப்டம்பர் 11 விடியற்காலை, மேரிலாந்தின் எட்வர்டு கார்சச் தன் மகனோடும் உறவினர்களோடும் துணை மார்ஷல் ஒருவரோடும் வில்லியம் பார்க்கரின் வீட்டைச் சூழ்ந்தார். இரண்டாண்டுக்கு முன் தன் பண்ணையிலிருந்து ஓடிய ஆட்கள் அங்கே இருக்கிறார்கள் என்பது அவருக்குக் கிடைத்த தகவல். பார்க்கரும் மேரிலாந்திலிருந்து தப்பிவந்தவர்தான். அவர் மனைவி மாடி ஜன்னலிலிருந்து கொம்பு ஊத, அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள் கிடைத்த ஆயுதங்களோடு ஓடிவந்தார்கள். பக்கத்து மாவு மில்காரரான வெள்ளையர் காஸ்ட்னர் ஹான்வே குதிரையில் வந்து நின்றார். மார்ஷல் அவரிடம் வாரண்டைக் காட்டி, சட்டப்படி உதவிக்கு வரச் சொன்னார். ஹான்வே மறுத்துவிட்டார்; ரத்தம் சிந்துமுன் இங்கிருந்து போய்விடுங்கள் என்று அறிவுரையும் சொன்னார். சற்று நேரத்தில் கலவரம் மூண்டு கார்சச் கொல்லப்பட்டார். அரசு, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீது தேசத்துரோக வழக்குப் போட்டு, அதில் ஹான்வேயை முதலில் விசாரணைக்கு எடுத்தது. குதிரையின் மேல் உட்கார்ந்தபடி உதவ மறுத்தவர் அமெரிக்கா மீது போர் தொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. விசாரணை நடந்த இடம் ஃபிலடெல்ஃபியாவின் சுதந்திர மண்டபம். 1776இல் சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே கட்டடம். இந்தச் சட்டத்தை மீறுவோரைக் கடுமையாகக் கண்டித்துவந்த நீதிபதி கிரையரே, இது தேசத்துரோகம் ஆகாது என்று ஜூரிகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஜூரிகள் கால் மணி நேரத்தில் விடுதலை என்று சொல்லித் திரும்பினார்கள். மற்றவர்கள் மீதான வழக்கும் அதோடு நொறுங்கியது.

இனி அந்தப் பழைய கேள்விக்கு வருகிறேன். கடவுளின் சட்டம் என்று சொன்னவர்கள் வடக்கில் மட்டுமா இருந்தார்கள்? தெற்கின் பிரசங்க மேடைகளில் அடிமைமுறைக்கு வேதத்தில் ஆதாரம் காட்டிப் பேசாத வாரம் இல்லை. வடக்கிலேயே ஆண்டோவர் இறையியல் கல்லூரியின் மோசஸ் ஸ்டூவர்ட், வெப்ஸ்டரை ஆதரித்து எழுதியபோது, ஓடிவந்த ஒநேசிமுவைப் பவுல் அவனுடைய எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பியதை எடுத்துக்காட்டினார். எதிர்த்தரப்பு, எஜமானிடமிருந்து தப்பி உன்னிடம் வந்த அடிமையை ஒப்புக்கொடுக்கக் கூடாது என்னும் உபாகமத்தின் 23ஆம் அதிகாரத்தை எடுத்துவைத்தது. ஒரே புத்தகம் இரு தரப்புக்கும் ஆயுதமானது உண்மை. ஆகவே, மேலான சட்டம் எதில் எழுதியிருக்கிறது என்று தேடுவதால் இந்த வழக்கு தீராது. எந்தக் கோரிக்கை யாரிடம் எதைக் கேட்கிறது என்று பார்த்தால் தீரும். ஹான்வேயின் மனசாட்சி அவருடைய கை, அவருடைய கால், அவருடைய குதிரை ஆகியவற்றின் மீது மட்டும் அதிகாரம் செலுத்தியது. கார்சச்சின் மனசாட்சி இன்னொருவருடைய உடலைக் கேட்டது; அதைப் பிடித்துத் தர மூன்றாமவரின் கையையும் கேட்டது. இரண்டுமே மனசாட்சிதான் என்று சொல்லி ஒரே தட்டில் வைப்பது நடுநிலை ஆகாது. தன்னை விலக்கிக்கொள்ளும் அறத்தால் நாடு சிதறிவிடாது. பிறரை வசப்படுத்தும் அறத்தை நிறைவேற்ற, மார்ஷலும் விலங்கும் பீரங்கியும் தேவைப்பட்டன.

இதைவிடக் கடினமான எதிர்வாதம் நீதிபதிகளுடையது. மாசசூசெட்ஸின் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா அடிமைமுறையை வெறுத்தவர். 1836இல் லூசியானாவிலிருந்து எஜமானியோடு பாஸ்டனுக்கு வந்த மெட் என்ற ஆறு வயதுச் சிறுமியை, எஜமானரே இந்த மண்ணுக்குக் கூட்டிவந்த அடிமையை வலுக்கட்டாயமாகத் திருப்பிக் கொண்டுபோக முடியாது என்று தீர்ப்புச் சொல்லி விடுவித்தவர் அவர்தான். 1851 ஏப்ரலில் ஜார்ஜியாவிலிருந்து ஓடிவந்த தாமஸ் சிம்ஸ் பாஸ்டனில் பிடிபட்டார். மக்கள் அவரை மீட்டுவிடுவார்கள் என்று பயந்து நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டினார்கள். உள்ளே போக ஷாவும் அந்தச் சங்கிலிக்கடியில் குனிந்துதான் போக வேண்டியிருந்தது. சிம்ஸை விடுவிக்கும்படி வந்த மனுவை அவர் ஏற்கவில்லை. சாசனத்தின் மேல் சத்தியம் செய்து பதவியேற்றவன், தன் விருப்பத்தைச் சட்டம் என்று சொல்லித் தீர்ப்பளித்தால், நாளை வேறொரு நீதிபதி தன் விருப்பத்தை வைத்து நல்லவர்களை நசுக்குவான். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. நீதிபதி பொய்யாகச் சட்டத்தைத் திரித்துச் சொல்வதை நானும் ஏற்க மாட்டேன். ஆனால் பதவியேற்கும்போது செய்த சத்தியம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வரைக்கும்தான். எழுந்துகொள்ள அவருக்கு வழி இருந்தது. அடிமை ஒழிப்பாளர்கள் அதைத்தான் நீதிபதிகளிடம் கேட்டார்கள்: சட்டம் இப்படித்தான் சொல்கிறது என்றால் அதைச் சொல்லிவிட்டு, இதை என் கையால் செய்ய மாட்டேன் என்று விலகுங்கள். ஷா விலகவில்லை. சிம்ஸைக் காவலர்கள் விடியுமுன் தெருவழியே நடத்திக் கப்பலேற்றி, சவன்னாவுக்கு அனுப்பினார்கள்.

சட்டத்தை மீறுகிறவன் தண்டனையை வெளிப்படையாக ஏற்க வேண்டும், அப்போதுதான் அவன் வெறும் குற்றவாளியிலிருந்து வேறுபடுவான் என்று பலர் சொல்வார்கள். சட்டத்தை எழுதுவதில் பங்கு உள்ளவர்களுக்கு இந்த அளவுகோல் சரி. ஓடிவந்தவர்களுக்கு இதைப் பொருத்துவது கொடுமை. வாக்கு இல்லை, தன் வழக்கிலேயே சாட்சி சொல்லும் வாய் இல்லை. அப்படிப்பட்டவர் எந்த ஒப்பந்தத்தின் பேரில் தண்டனையை ஏற்க வேண்டும்? 1849இல் தப்பிய ஹேரியட் டப்மன் திரும்பத் திரும்பத் தெற்கே போய் ஆட்களைக் கூட்டிவந்தார். புதிய சட்டத்துக்குப் பிறகு வடக்கும் பத்திரமில்லை என்று கனடா வரை கொண்டுசேர்த்தார். இரவில் நடந்தார், ஒளித்தார். அதில் மறைவு இருந்தது. மேலான சட்டம் என்ற வாதத்தை செனட்டர்கள் வாயால் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே ஓடிவந்தவர்கள் காலால் சொல்லிவிட்டார்கள் என்பதை வரலாற்று நூல்கள் போதுமான அளவு சொல்வதில்லை. மறைந்து தப்புவதும் தண்டனையை வெளிப்படையாக ஏற்பதும் ஒரே வழக்கில் சந்தித்த இடம் ஓஹையோ. 1858 செப்டம்பரில் ஓபர்லினில் பிடிபட்ட ஜான் பிரைஸ் என்ற இளைஞரைப் பக்கத்து ஊரான வெலிங்டனின் ஓட்டலில் அடைத்துவைத்திருந்தார்கள். ஓபர்லின் மக்கள் திரண்டுபோய் அவரை மீட்டு, கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வீட்டில் மறைத்து, கனடாவுக்கு அனுப்பினார்கள். பிரைஸ் மறைந்தார், மீட்டவர்கள் மறையவில்லை. 37 பேர் மீது வழக்கு. தண்டனை பெற்ற இருவரில் ஒருவரான சார்லஸ் லாங்ஸ்டன் கறுப்பினத்தவர். தண்டனைக்கு முன் கிளீவ்லாந்து நீதிமன்றத்தில் பேசிய அவர், தன்னை விசாரித்த ஜூரியில் தன் இனத்தார் ஒருவரும் இல்லை, இருக்கவும் முடியாது என்றார். நாளை தன்னையே ஒருவன் அடிமை என்று பிடித்தால் இந்தச் சட்டத்தில் தனக்குப் பாதுகாப்பே இல்லை என்பதையும் எடுத்துரைத்தார். கூட்டம் கைதட்டியது. முதலில் தண்டனை பெற்ற வெள்ளையர் சைமன் புஷ்னலுக்கு 60 நாள் சிறையும் 600 டாலர் அபராதமும் விதித்த அதே நீதிபதி, லாங்ஸ்டனுக்கு 20 நாளும் 100 டாலரும் போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

கையை விலக்குவது என்று தொடங்கிய இடத்திலிருந்து கையை ஓங்குவது வரை இந்த மறுப்பு போனதையும் மறைக்கக் கூடாது. கிறிஸ்டியானாவில் கார்சச் இறந்தார். 1854 மே மாதம் வர்ஜீனியாவிலிருந்து தப்பிய ஆண்டனி பர்ன்ஸை மீட்கப் பாஸ்டன் நீதிமன்றக் கதவை உடைத்தபோது, காவலுக்கு நின்ற ஜேம்ஸ் பாட்செல்டர் என்ற இளைஞர் கொல்லப்பட்டார். அவர் அடிமை வணிகர் அல்லர்; மார்ஷல் கூலிக்குச் சேர்த்துக்கொண்ட உள்ளூர்க்காரர். பார்க்கர் தன் வீட்டையும் தன்னை நம்பி வந்தவர்களையும் காத்தது எந்த நாட்டுச் சட்டத்திலும் தற்காப்புதான்; அதில் எனக்குத் தயக்கமில்லை. பாஸ்டன் கதவருகே நடந்ததை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலான அறத்தின் பெயரால் நடப்பவை எல்லாம் மேலானவை ஆகிவிடுவதில்லை. கையை இழுத்துக்கொள்வதற்கு இருக்கும் உறுதியான நியாயம், அந்தக் கை அடுத்தவர் மேல் படும்போது ஒவ்வொரு முறையும் புதிதாக நிரூபிக்கப்பட வேண்டியதாகிறது.

பெரும் எதிர்வாதம் ஆபிரகாம் லிங்கனுடையது. 1838லேயே சட்டத்தின் மீதான பக்தி நாட்டின் அரசியல் மதமாக வேண்டும் என்று பேசியவர். அடிமைமுறையை வெறுத்தாலும், ஓடியவரைத் திருப்பித் தரும் விதி சாசனத்தில் இருக்கும் வரை அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அவர் நிலை. 1861 மார்ச்சில் பதவியேற்பு உரையில்கூட அந்த விதியை வாசித்துக் காட்டினார். சட்டத்தை மதிக்காமல் போனால் பலவீனமானவர்களைக் காக்கவும் எதுவும் மிஞ்சாது என்ற அவர் பயம் நியாயமானது. கும்பல்கள் கறுப்பினத்தவரை எரித்துக்கொன்ற நாட்டில் அந்தப் பயம் கற்பனை அல்ல. 1860 டிசம்பரில் பிரிந்துபோன தென் கரோலினா தன் காரணங்களை அடுக்கியபோது, வடமாநிலங்கள் ஓடிய அடிமைகளைத் திருப்பித் தராததை முதன்மையான குறைகளில் ஒன்றாகச் சொன்னது. பின்னர் வந்த போரில் ஆறு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். மறுத்தவர்களுக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கேட்கத்தான் வேண்டும்: வெப்ஸ்டரும் லிங்கனும் காக்க விரும்பிய அமைதிக்கு விலை கொடுத்தது யார்? அந்த விலையை மேசையில் வைத்தவர்கள் வேறு, தங்கள் உடலால் கொடுத்தவர்கள் வேறு. கொடுத்தவர்களை யாரும் கேட்கவில்லை. நாட்டை ஒட்டவைக்க இயற்றிய சட்டமே, பிடிபட்டவர்களை விலங்கோடு வடக்கின் தெருக்களில் நடத்திச் சென்றதால், சமரசத்தை விரும்பிய வணிகர்களைக்கூட எதிர்ப்பக்கம் தள்ளியது.

இத்தனை மறுப்பும் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்ற கேள்வி நியாயமானது. கமிஷனர்கள் முன் வந்தவர்களில் 300க்கும் மேற்பட்டோர் தெற்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் மிகச் சொற்பம். அந்தக் கணக்குப்படி சட்டம்தான் வென்றது. ஆனால் ஒரு மனிதனைத் திருப்பி அனுப்ப அதற்கு என்ன தேவைப்பட்டது என்று பாருங்கள். 1854 ஜூன் 2 அன்று ஆண்டனி பர்ன்ஸைக் கப்பலுக்குக் கொண்டுசெல்லப் பாஸ்டனில் ராணுவமும் கடற்படை வீரர்களும் பீரங்கியும் இறங்கின. ஏறத்தாழ 50,000 பேர் தெருவில் நின்றார்கள். கடைகளில் கறுப்புத் துணி தொங்கியது. அதன்பின் பாஸ்டனிலிருந்து ஒருவரையும் திருப்பி அனுப்ப முடியவில்லை. பர்ன்ஸை 1,300 டாலருக்கு விலை கொடுத்து மீட்டார்கள்; அவர் ஓபர்லினில் படித்து, கனடாவில் மதபோதகராக இருந்து 1862இல் இறந்தார். அவரை அனுப்பிய கமிஷனர் எட்வர்டு லோரிங் மாநில நீதிபதியாகவும் இருந்தவர்; 1858இல் மாசசூசெட்ஸ் அவரை அந்தப் பதவியிலிருந்து நீக்கியது. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டமே செல்லாது என்றது. 1859இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. காகிதத்தில் சட்டம் ஒவ்வொரு முறையும் ஜெயித்துக்கொண்டே இருந்தது. அதை நடத்திவைக்கும் ஆட்கள்தான் குறைந்துகொண்டே வந்தார்கள்.

போர் வந்த பிறகும் சட்டம் உடனே போகவில்லை. வடக்கோடு நின்ற சில மாநிலங்களிலும் அடிமைமுறை இருந்ததால் அரசு தயங்கியது. இதற்கிடையே ராணுவ முகாம்களுக்கு ஆயிரக்கணக்கில் அடிமைகள் ஓடிவந்தார்கள். சில தளபதிகள் அவர்களை எஜமானர்களிடமே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1862 மார்ச் 13 அன்று காங்கிரஸ் ராணுவ விதிகளில் ஒன்றைச் சேர்த்தது: ஓடிவந்த யாரையும் உரிமை கோருபவரிடம் திருப்பி ஒப்படைக்க எந்த அதிகாரியும் தன் படையைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் பதவி நீக்கம். பத்தாண்டுக்கு முன் காஸ்ட்னர் ஹான்வே குதிரைமேல் இருந்தபடி மறுத்ததை இப்போது சட்டமே தன் அதிகாரிகளுக்குக் கட்டளையாக இட்டது. 10 டாலரும் 5 டாலரும் கணக்குப் போட்ட அந்த 1850ஆம் ஆண்டுச் சட்டம், 1864 ஜூன் 28 அன்று நீக்கப்படும் வரை ஏட்டில் இருந்தது.